காட்டு மரத்தில் ரிப்பன் கட்டியிருந்தால் வெட்டப் போகிறார்களா?

வணக்கம். அஞ்செட்டி பக்கம் உங்கள் பட்டா நிலத்தை ஒட்டிய காப்புக்காட்டில் சிவப்பு, நீல ரிப்பன்கள் கட்டியிருப்பதாகவும், மரத்தை வெட்டப் போகிறார்களோ என்றும் கேட்டிருந்தீர்கள்.

ரிப்பனை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இந்த நிறத்துக்கு இதுதான் அர்த்தம் என்று பொது விதி கிடையாது. கட்டிய குழு தனக்குள் வைத்துக்கொள்ளும் கணக்கு அது. சர்வே கோடு, கணக்கெடுப்புக்கு நடக்கும் பாதை, மரங்களை எண்ணிப் பார்க்க ஒதுக்கிய மாதிரித் திட்டின் மூலை, எதுவாகவும் இருக்கலாம். வெயிலில் வெளுத்துவிடும் பொருள், நிரந்தர அடையாளத்துக்கு ஆகாது. வெட்ட வேண்டிய மரம் என்றால் பொதுவாகப் பட்டையைச் சீவி, சுத்தியல் முத்திரையோ பெயின்ட் எண்ணோ போட்டிருப்பார்கள்.

ரிப்பன்கள் சிதறி இல்லாமல், உங்கள் வேலியை ஒட்டி நேர்கோட்டில் போகின்றனவா? அப்படியானால் எல்லையை அளக்கிறார்களோ என்றுதான் எனக்குச் சந்தேகம். உங்கள் நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து அவிழ்க்க வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவர் ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்ட அவிழ்த்துப் போய்விட்டார். அளந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து அளந்தார்கள். யானை நடமாடும் இடம், உள்ளே போகாமல் உங்கள் நிலத்திலிருந்தே போட்டோ எடுத்து ரேஞ்சர் ஆபீஸில் காட்டிக் கேளுங்கள்.