மாட்டிலிருந்து எடுத்துச் சென்ற உண்ணி எதைச் சொல்லும்?

மசினகுடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “காட்டோரத்தில் பட்டி போட்டு 14 மாடுகள் வைத்திருக்கிறோம். போன மாதம் ஒரு குழுவினர் வந்து மாடுகளின் காதிலும் மடியிலும் இருந்த உண்ணிகளைப் பொறுக்கிச் சிறு குப்பிகளில் போட்டு எடுத்துச் சென்றார்கள். குரங்குக் காய்ச்சலுக்கான சோதனை என்று மட்டும் சொன்னார்கள். முடிவு இன்னும் எங்களுக்கு வரவில்லை. மாடுகளுக்கு நோய் இருக்கிறதா? பால் ஊற்றலாமா? நாங்கள் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?”

உங்கள் மாடுகளுக்கு நோய் இருக்கிறது என்ற சந்தேகத்தில் அந்த உண்ணிகள் எடுக்கப்படவில்லை. நீங்கள் மேய்க்கும் காட்டுக்குள் அந்த வைரஸ் நடமாடுகிறதா என்று அறிவதற்காகவே எடுக்கப்பட்டிருக்கின்றன. குரங்குக் காய்ச்சல் மாட்டுப் பால் வழியாக மனிதருக்குப் பரவியதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆகவே நீங்கள் வழக்கம்போலப் பால் ஊற்றலாம். வீட்டுக்கு எடுப்பதைக் காய்ச்சிக் குடியுங்கள். அது வேறு பல நோய்களுக்காகவும் எப்போதும் செய்ய வேண்டியதுதான். மற்ற இரண்டு கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

குரங்குக் காய்ச்சல் என்று நாம் சொல்வது கியாசனூர் காட்டு நோய். 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டுப் பகுதியில் குரங்குகள் அடுத்தடுத்து இறந்ததும், அதே காலத்தில் காட்டையொட்டிய ஊர்களில் மக்கள் கடும் காய்ச்சலில் விழுந்ததும் கவனிக்கப்பட்டு, அங்கேதான் இந்த வைரஸ் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் அந்த மாவட்டத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த நோயாகவே இது கருதப்பட்டு வந்தது. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் பந்திப்பூரில் குரங்குகள் இறந்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது. அதையொட்டிய மாதங்களில் நீலகிரியிலும் வயநாட்டிலும் இறந்த குரங்குகளில் இதே வைரஸ் கண்டறியப்பட்டது. 2015-இல் வயநாட்டில் சுமார் 100 பேர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். பந்திப்பூரும் முதுமலையும் வயநாடும் ஒரே காட்டின் மூன்று பெயர்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாநில எல்லை உண்ணிக்குத் தெரியாது. அதனால்தான் உங்கள் பட்டிவரை குழு வந்தது.

மாட்டிலிருந்து ஏன் உண்ணி எடுக்க வேண்டும் என்பதுதான் இதில் மையமான கேள்வி. உங்கள் மாடுகளில் பெரும்பாலும் தென்படுவது ஆமணக்கு விதைபோல உப்பித் தொங்கும் சாதாரண மாட்டு உண்ணி. அது குஞ்சாக ஏறிய மாட்டிலேயே வளர்ந்து முதிர்ந்து, முட்டையிடுவதற்கு மட்டுமே கீழே விழும். மாட்டுக்கு இரத்த நிறச் சிறுநீரையும் சோகையையும் கொண்டுவரும் ஒட்டுண்ணிக் காய்ச்சல்களைப் பரப்புமே தவிர, மனிதரை அரிதாகவே கடிக்கும். குரங்குக் காய்ச்சலைக் கடத்துவதில் முதலிடம் வகிப்பது ஹீமாபைசாலிஸ் ஸ்பைனிஜெரா என்ற காட்டு உண்ணி. அதன் வாழ்க்கை வேறு மாதிரியானது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு எலி, அணில், பறவை, குரங்கு என்று கிடைத்த உயிரின் மேல் ஏறி ஒருமுறை இரத்தம் குடித்துவிட்டுத் தரையில் விழுந்து தோலுரிக்கும். இளம் உண்ணியானபின் மறுபடி ஒரு விலங்கையோ மனிதரையோ பிடித்துக் குடித்துவிட்டு விழும். முதிர்ந்தபின் மூன்றாவதாக ஏறுவது பெரும்பாலும் மாடு, மான் போன்ற பெரிய விலங்குகளின் மேல். நோயுற்ற குரங்கின் இரத்தத்தில் குஞ்சுப் பருவத்தில் பெற்ற வைரஸை அது தோலுரித்த பின்னும் விடாமல் சுமந்து செல்கிறது.

எனவே மாட்டின் காதில் பிடிபடும் முதிர்ந்த காட்டு உண்ணி, தன் முந்தைய இரண்டு பருவங்களில் காட்டுக்குள் எந்தெந்த உயிரின் இரத்தத்தைக் குடித்தது என்பதன் சுவட்டைத் தனக்குள் வைத்திருக்கிறது. காலையில் காட்டுக்குள் போய் மாலையில் திரும்பும் உங்கள் மாடு, ஆள் நுழையாத புதர்களிலெல்லாம் உரசி, எந்த ஆய்வாளரும் ஒரு நாளில் சேர்க்க முடியாத அளவு மாதிரியைத் தன் உடம்பிலேயே சேர்த்துக் கொண்டுவருகிறது. மாட்டின் உடலில் இந்த வைரஸ் அதிகம் பெருகுவதில்லை. மாட்டுக்கு நோயும் வருவதில்லை. ஆனால் முதிர்ந்த பெண் உண்ணிக்கு வயிறு நிறைய இரத்தம் கொடுத்து, அது ஆயிரக்கணக்கில் முட்டையிட வழிசெய்வது மாடுதான். வைரஸை வளர்ப்பதில் மாட்டுக்குப் பங்கு குறைவு. உண்ணியை வளர்ப்பதில் பங்கு மிகப் பெரிது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

உண்ணி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பழகிய கை மாட்டின் காதை வெளிப்பக்கமாக மடித்து, உட்புற மயிரை விரலால் ஒதுக்கி, இடுக்கியின் நுனியை உண்ணியின் வயிற்றில் வைக்காமல் தோலை ஒட்டி வாய்ப்பகுதியில் வைத்து, முறுக்காமல் நேராக, மெதுவாக இழுக்கும். சில நொடிகள் தோல் கூடாரம்போல எழும்பி நிற்கும். பிறகு உண்ணி முழுதாக வந்துவிடும், கால்கள் அசைந்துகொண்டிருக்கும். அவசரப்பட்டு வயிற்றைப் பிடித்தால் அது நசுங்கி, உள்ளிருப்பது விரலில் வழியும். காதை அடுத்து அலைதாடி, முன்னங்கால் இடுக்கு, மடிக்கும் தொடைக்கும் நடுவே, வாலின் அடி என்று பார்ப்பார்கள். எந்த மாடு, எந்த இடம், எந்த நாள், எங்கே மேய்ந்தது என்பது குப்பியின் மேல் எழுதப்பட வேண்டும். இந்த விவரம் இல்லாத உண்ணி எத்தனை நல்ல ஆய்வகத்துக்குப் போனாலும் பாதிப் பயன்தான் தரும் என்பதால், “எங்கே மேய்க்கிறீர்கள்?” என்று கேட்கும்போது நினைவுபடுத்திச் சரியாகச் சொல்லுங்கள்.

மாட்டிலிருந்து மட்டும் எடுத்தால் போதாது. சுமார் ஒரு மீட்டர் நீள அகலமுள்ள வெள்ளைத் துணியைச் சருகின் மேலும் தாழ்ந்த புதர்களின் மேலும் இழுத்துச் சென்று, சில அடிகளுக்கு ஒருமுறை புரட்டிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. வெள்ளைத் துணியில் கசகசா சிந்தியதுபோலப் பழுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் அவை நகரும். அவைதாம் மனிதரைக் கடிக்கும் இளம் உண்ணிகள். மழைக்காலத்தில் மாட்டின் மேல் முதிர்ந்த உண்ணிகள் மிகுந்திருக்கும். மழை ஓய்ந்தபின் குஞ்சுகளும், ஏறத்தாழ டிசம்பரிலிருந்து மே வரை இளம் உண்ணிகளும் மிகும். நோய் வரும் பருவமும் அதுவே. ஆகவே ஆடியில் மாட்டைப் பார்ப்பதும் தையில் சருகைப் பார்ப்பதும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் வேலைகள். ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஒரு கைப்பிடி எடுத்துப்போவதைக் கண்காணிப்பு என்று நான் கருதமாட்டேன். ஒரே இடங்களில், ஒரே முறையில், மாதந்தோறும் எடுத்தால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும்.

எடுத்த உண்ணிகள் குளிர் குறையாமல் ஆய்வகம் சேர வேண்டும். வெப்பத்தில் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ சிதைந்துவிட்டால், இருந்த வைரஸும் இல்லாததாகத் தோன்றும். அங்கே நுண்ணோக்கியின் கீழ் இனம், ஆண்-பெண், பருவம் வாரியாகப் பிரித்து, ஒரே வகையானவற்றைச் சிறு தொகுப்புகளாகச் சேர்த்து அரைத்து, ஆர்டி-பிசிஆர் முறையில் தேடுவார்கள். உயிருள்ள வைரஸைக் கையாளும் வேலை உயர் பாதுகாப்பு ஆய்வகங்களில் மட்டுமே நடக்கலாம். புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் இத்துறையில் நீண்டகாலமாகப் பணியாற்றி வருகிறது.

முடிவை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒரு கணக்காகச் சொல்கிறேன்: 25 உண்ணிகள் வீதம் 20 தொகுப்புகள் சோதிக்கப்பட்டு 2 தொகுப்புகளில் வைரஸ் தென்பட்டால், 500 உண்ணிகளில் குறைந்தது 2-இல், அதாவது ஆயிரத்துக்கு 4-இல் வைரஸ் இருந்தது என்று பொருள். “பத்தில் ஒரு பங்கு உண்ணியில் நோய்” என்று படிப்பது பெரும்பிழை. அதேபோல 20 தொகுப்புகளிலும் இல்லை என்றால், அந்த 500-இல் இல்லை என்பது மட்டுமே உறுதி. அடுத்த மலைச்சரிவில் ஒரு குரங்கு இறந்து கிடந்தால், அதிலிருந்து இறங்கிய உண்ணிகள் அந்தச் சில அடி நிலத்தில் அடர்ந்திருக்கும். உங்கள் மாடு அந்தப் பக்கம் போகாதவரை அது எந்தக் குப்பியிலும் வராது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரத்தம் குடித்து உப்பிய உண்ணியில் வைரஸ் தென்பட்டால், அது உண்ணி முன்பே சுமந்ததா, அப்போது மாட்டிடமிருந்து குடித்த இரத்தத்தில் இருந்ததா என்ற கேள்வி எழும். குரங்குக் காய்ச்சலில் மாட்டு இரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவு என்பதால் இந்தக் குழப்பம் பெரிதாக இராது. ஆனால் கிரிமியன்-காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சலில் நிலைமை வேறு. 2011 ஜனவரியில் குஜராத்தின் அகமதாபாத் மாவட்டத்தில் அந்நோய் இந்தியாவில் முதன்முறையாக உறுதி செய்யப்பட்டது. நோயாளிக்குச் சிகிச்சையளித்த மருத்துவரும் செவிலியரும்கூட இறந்தனர். ஹயலோமா என்ற உண்ணியினம் கடத்தும் அந்த வைரஸ், மாடு, ஆடுகளின் இரத்தத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கும். உண்ணிக்கடியால் மட்டுமன்றி, உண்ணியை நசுக்குவதாலும், புதிதாக அறுத்த விலங்கின் இரத்தம் படுவதாலும் மனிதருக்குத் தொற்றும். அதனால் அங்கே உண்ணியோடு மாட்டின் இரத்தத்தையும் எடுத்து, தொற்றை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உங்கள் மாடுகளிடம் இரத்தமும் எடுத்திருந்தால் திகைக்க வேண்டாம். முன்னொரு காலத்தில் தொற்றியதா என்பதை அது சொல்லும், இப்போது நோய் இருப்பதாகச் சொல்லாது.

முடிவு உங்களுக்கு வரவில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. உண்ணி கொடுத்தவருக்கு விடை தெரிவிப்பது கண்காணிப்பின் ஒரு பகுதி. அது தனியே காட்டப்படும் சலுகையன்று. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் எடுத்த தேதியைச் சொல்லி, தயங்காமல் கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது குரங்கைக் கவனிப்பது. சாம்பல் நிற மந்தியோ நாட்டுக் குரங்கோ ஊரோரத்திலோ காட்டிலோ இறந்து கிடந்தால் தொடாதீர்கள், புதைக்க முயலாதீர்கள், அருகே மாட்டை விடாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்து உடனே வனத்துறைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிவியுங்கள். நான் அறிந்தவரை, எந்த உண்ணிச் சோதனையைவிடவும் விரைவான எச்சரிக்கை மேய்ச்சல்காரரின் அந்த ஒரு செய்திதான்.

மாட்டு உண்ணியை வெறுங்கையால் பிடுங்கி நகத்தில் நசுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையையாவது கையில் சுற்றிக்கொண்டு, இடுக்கியால் எடுத்து, சோப்புக் கரைசல் உள்ள டப்பாவில் போட்டு மூடுங்கள். தெளிக்கும் மருந்தோ முதுகில் ஊற்றும் மருந்தோ மருத்துவர் சொன்ன அளவில் எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் போடுங்கள். ஊசி போட்டால் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துத் தண்ணீர் ஓடையில் கலக்க விடாதீர்கள். காட்டுச் சருகை வாரிவந்து தொழுவத்தில் பரப்புவதையும் வீட்டருகே குவிப்பதையும் டிசம்பர் முதல் மே வரையாவது நிறுத்துங்கள். இளம் உண்ணி அந்தச் சருகிலேயே வீட்டுக்கு வந்துவிடும். மேய்க்கப் போகிறவர் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் அணிந்து, வெளித்தெரியும் தோலில் உண்ணி விரட்டும் எண்ணெய் தடவிச் சென்று, திரும்பியதும் துணியை வெந்நீரில் போட்டுக் குளித்து, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு ஆகியவற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் பல ஆண்டுகள் போடப்பட்டு வந்த பழைய தடுப்பூசி, போதிய பாதுகாப்புத் தராததால் 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது; ஆகவே இப்போதைக்குக் காப்பு இந்தப் பழக்கங்கள்தாம்.

காட்டுக்குப் போய்வந்த 3 முதல் 8 நாட்களுக்குள் திடீரென்று கடும் காய்ச்சலும் தலைவலியும் தாளமுடியாத தசைவலியும் வந்தால், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோயுற்றோரில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்வரை இறக்கிறார்கள். குறிப்பாகக் குறிவைத்துத் தாக்கும் மருந்து இல்லை, ஆனால் நீர்ச்சத்தையும் இரத்தக்கசிவையும் நேரத்தோடு கவனித்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை என்பதால் வீட்டார் நோயாளியை ஒதுக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் காய்ச்சல் தொடங்கிய நாளையும், எந்தக் காட்டில் மேய்த்தீர்கள் என்பதையும், உங்கள் மாடுகளில் உண்ணி எடுத்துச் சென்றிருக்கிறார்கள் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். காய்ச்சலின் முதல் சில நாட்களில் எடுத்த இரத்தத்தில்தான் வைரஸ் நேரடியாகப் பிடிபடும்.