ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு) பிள்ளையும் சாயந்திரச் சண்டையும்: சேலத்துப் பெற்றோர் கேட்டவை

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு எட்டு வயது. வீட்டுப்பாடம் என்றாலே சண்டை. "உனக்கு என்னைப் பிடிக்கவே இல்ல" என்கிறான், அக்கா.

காலையிலிருந்து அவன் காதில் விழுந்ததை எண்ணிப் பாருங்கள். வகுப்பில் திட்டு, வேனில் திட்டு, டியூஷனில் திட்டு. கடைசியில் நீங்கள். பள்ளி விட்டு வந்ததும் தட்டுவடை செட்டைத் தின்றுவிட்டு ஓடி விளையாடட்டும். அப்புறம் பத்து நிமிடப் பாடம், சின்ன இடைவெளி, மறுபடி பத்து நிமிடம். "பையை வை, கை கழுவு, டைரி எடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றுதான் மனதில் நிற்கும். பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். செய்ததும் அந்த நிமிடமே பாராட்டுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். தினமும் பத்து, பதினைந்து நிமிடம் அவன் சொல்லும் விளையாட்டை அவனோடு விளையாடுங்கள். திருத்தம், பாடம், போன் எதுவும் வேண்டாம். அன்றைக்குச் சேட்டை செய்தான் என்று இதை மட்டும் வெட்டாதீர்கள். இது பரிசு இல்லை.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அப்பா: போனில் மட்டும் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கிறானே, திமிர்தானே? இரண்டு போட்டால் சரியாகாதா?

திமிர் இல்லை. போன் நொடிக்கு நொடி புதிதாக ஏதாவது காட்டுகிறது. கணக்கு நோட்டு காட்டாது. பிடிக்காத வேலையில் கவனத்தை நிறுத்துவதுதான் இவர்களுக்குக் கஷ்டம். அடித்தால் பயம் வரும், கவனம் வராது. ஏடிஹெச்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவது. சின்ன வயதில் நீங்கள் எப்படி என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்களேன்!

ஏற்காடு, நாகலூர்: மகள் அமைதி. ஆனால் எந்நேரமும் கனவு, எல்லாவற்றையும் தொலைக்கிறாள். டீச்சர் சோம்பேறி என்கிறார். ராத்திரி அழுகிறாள்.

ஏடிஹெச்டியில் துறுதுறுப்பு இல்லாத வகையும் உண்டு. பெண் பிள்ளைகளிடம் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இதுதான். 12 வயதுக்குள் தொடங்கி, வீடு, பள்ளி இரண்டிலும், ஆறு மாதமாவது இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். காது, கண், தூக்கம், மனப்பதற்றம், கற்றல் சிரமம் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். மலை இறங்குவதற்கு முன் 14416க்குப் பேசலாம். அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். அதுவரை "சோம்பேறி" என்ற சொல் வீட்டுக்குள் வர வேண்டாம்.

அஸ்தம்பட்டி: மாத்திரைக்கு அடிமையாகிவிடுவானா?

மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். பசியும் தூக்கமும் குறையலாம். எடை, உயரம் பார்த்துக்கொண்டே வருவார்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி.

குகை: நேற்று கத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் இளக்காரமாகிவிடாதா?

ஆகாது. "நேத்து கத்துனது தப்பு கண்ணு" என்றால் போதும். "ஆனா நீயும்..." என்று இழுத்தால் அடுத்த ரவுண்டு ஆரம்பம். சொல்லிவிட்டுத் தோசை ஊற்றப் போங்கள்.