45,000 ரூபாயில் ஒரு சிஸ்டம்: பிராண்டடா, அசெம்பிளா, நாமே பூட்டுவதா?

வாசகர் கேள்வி: குளச்சல் பக்கம் வீடு, கடலுக்கு நடந்து போகிற தூரம்தான். வீட்டிலிருந்தபடியே மூன்று கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறேன், இதுவரை ஒரு பழைய லேப்டாப்பில். மகள் இந்த வருஷம் பி.சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். இரண்டு பேருக்குமாக ஒரு டெஸ்க்டாப் வாங்க 45,000 ரூபாய் வைத்திருக்கிறேன், மானிட்டரும் அதற்குள் வர வேண்டும். நாகர்கோவிலில் ஒரு கடையில் அசெம்பிள் செய்தால் பிராண்டடைவிட எட்டாயிரம் குறையும் என்கிறார்கள். கத்தாரில் இருக்கும் தம்பி, பார்ட்ஸ் எல்லாம் ஆன்லைனில் வாங்கி யூடியூப் பார்த்து நாமே பூட்டினால் இன்னும் குறையும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்க?

பதில்: அக்கா, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலைக்கும் உங்கள் பணத்துக்கும் இப்போதைக்கு பிராண்டட் டவர்தான் சரி. ஆனால் எந்த பிராண்டட் பெட்டியும் சரி என்று அர்த்தமில்லை, கீழே சொல்கிற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது மட்டும். அது கிடைக்காவிட்டால் கடை அசெம்பிள், அதுவும் நீங்கள் கொடுக்கும் பட்டியல்படி. தம்பி யோசனை வேண்டாம், ஏன் என்று பிறகு வருகிறேன்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர், அதனால் கடைக்காரர் சொன்ன அந்த எட்டாயிரத்தைக் கணக்காகவே பார்ப்போம். அந்த கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள், விண்டோஸ் என்று ஒரு வரி இருக்கிறதா? அனேகமாக இருக்காது. கேட்டால் "அது நாங்க போட்டுத் தந்துருவோம்" என்பார்கள். போட்டுத் தருவது பெரும்பாலும் கிராக் செய்ததாகத்தான், அதாவது லைசென்ஸ் இல்லாமலே ஓடும்படி உடைத்த திருட்டுப் பிரதியாகத்தான் இருக்கும். டேலி விண்டோஸில்தான் ஓடும், ஆகவே இலவச லினக்ஸ் போட்டுத் தப்பிக்கவும் உங்களுக்கு வழியில்லை. மூன்று கடைக்காரர்களுடைய ஜிஎஸ்டி லாகினும் பாஸ்வேர்டும் இருக்கப்போகிற சிஸ்டத்தில், எவனோ எழுதிய கிராக் மென்பொருளை அட்மின் உரிமை கொடுத்து ஓட்டுவது நல்லதல்ல. ஒழுங்கான விண்டோஸ் 11 ஹோம் தனியாக வாங்கினால் பத்தாயிரத்தை ஒட்டி வரும். பிராண்டட் பெட்டிகளில் பெரும்பாலானவை விண்டோஸுடனேயே வருகின்றன. எட்டாயிரம் மிச்சம் என்பது அந்த ஒரு வரியிலேயே காணாமல் போய்விட்டது பாருங்கள். (500 ரூபாய்க்கு 'ஒரிஜினல் கீ' என்று ஆன்லைனில் விற்பார்கள், அதை வாங்கி வைத்து என்றைக்கு அது செல்லாமல் போகும் என்று காத்திருக்க வேண்டாம்.)

ஆயிரம் ரூபாய்க்குக்கூடக் கணக்கு பார்க்கிற எல்லோரும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 கடைசியிலிருந்து ராம் (சிஸ்டம் ஓடும்போது பயன்படுத்துகிற தற்காலிக மெமரி) விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. ஏஐ சர்வர்களுக்கான மெமரி தயாரிப்பில் லாபம் அதிகம் என்று சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று பெரிய கம்பெனிகளும் அந்தப் பக்கம் திரும்பியதால், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் சாதாரண ராமுக்குத் தட்டுப்பாடு. ஃபைல்களைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டியும் கூடவே ஏறிவிட்டது. சில்லறையில் ஒவ்வொரு பார்ட்டாக வாங்குகிறவருக்கு இந்த அடி அன்றைக்கே விழும், மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்கும் பெரிய கம்பெனிகளின் பெட்டிகளில் அது பெரும்பாலும் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். 'அசெம்பிள்தான் மலிவு' என்று நாம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் ராம் மலிவாக இருந்த காலத்துக் கணக்கு.

சரி, பிராண்டடில் எதைப் பார்க்க வேண்டும்? முதலாவது, பெட்டி டவராக இருக்க வேண்டும். மெலிசாக, அழகாக, மானிட்டருக்குப் பின்னாலேயே ஒட்டிவைக்கிற மாதிரி வருகிற குட்டிப் பெட்டிகள், ஸ்கிரீனும் சிபியுவும் ஒன்றாக வருகிற ஆல்-இன்-ஒன் இவையெல்லாம் பேங்க் கவுண்டருக்கு நன்றாக இருக்கும், வீட்டுக்கு வேண்டாம். ஆல்-இன்-ஒன்னில் ஸ்கிரீன் போனால் முழு சிஸ்டமும் போய் சர்வீஸில் உட்கார்ந்திருக்கும். அடுத்தது பிராசசர். இன்டெல் என்றால் 12ஆம் தலைமுறை ஐ3 அல்லது அதற்குப் பிறகு வந்தது, அதாவது 12100, 13100, 14100 என்று இருக்கும், மூன்றிலும் நான்கு கோர், எட்டு திரெட்தான், உங்கள் வேலைக்கு இவற்றில் எது கிடைத்தாலும் ஒன்றே. ஏஎம்டி என்றால் ரைசன் 5 5600ஜி மாதிரி, ஸ்கிரீனில் படம் காட்டும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறதாகப் பாருங்கள். ஐ5 கிடைத்தால் சந்தோஷம், ஆனால் ஐ5 வாங்குவதற்காக ராமிலோ யுபிஎஸ்ஸிலோ கைவைக்காதீர்கள்.

ராம் 8 ஜிபியோடு வந்தால் பரவாயில்லை, உடனே 16 வேண்டும் என்று அடம்பிடிக்க இப்போது நேரம் சரியில்லை. டேலி, பிரவுசர், மகளுடைய சி, ஜாவா, பைத்தான் எல்லாம் 8-இல் ஓடும். மூன்றாம் வருஷம் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் எமுலேட்டரும் ஓட்ட வேண்டி வந்தால்தான் 8 திணறும், அப்போது இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஒரு ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும், அதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கடையில் டிஸ்பிளேக்கு வைத்த சிஸ்டத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்தால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அதுவே சொல்லும். ஸ்டோரேஜ் 512 ஜிபி எஸ்எஸ்டி, 256 வேண்டாம். பழைய சுழல்கிற ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் போட்டு யாராவது கொடுத்தால் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

பிராண்டடில் ஒரு குறை இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி) மதர்போர்டும் (எல்லா பார்ட்டும் மாட்டுகிற பெரிய போர்டு) அந்தக் கம்பெனிக்கென்றே செய்தவை, கனெக்டரே வேறு. வாரண்டி முடிந்த பிறகு எஸ்எம்பிஎஸ் போனால் மார்த்தாண்டத்தில் ஏதோ ஒரு கடையில் 2,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கி மாட்ட முடியாது, அந்த மாடலுக்கானதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே வாரண்டி ஒரு வருஷமா மூன்று வருஷமா, ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, முக்கியமாக உங்கள் பின்கோடுக்கு வருவார்களா என்று கேளுங்கள். 'ஆன்சைட்' என்று பெட்டியில் அச்சடித்திருப்பதும் குளச்சலுக்கு ஆள் வருவதும் வேறு வேறு. கம்பெனியின் டோல்-ஃப்ரீ நம்பருக்கே போன் போட்டு பின்கோடைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது, விற்பவர் சொல்வது போதாது.

இந்த நிபந்தனைகளோடு எதுவும் உங்கள் பட்ஜெட்டில் அமையவில்லை என்றால் கடை அசெம்பிள். அப்போது கொட்டேஷனில் 'ஐ3 பிராசசர், 8 ஜிபி ராம், நல்ல எஸ்எம்பிஎஸ்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கம்பெனி, மாடல் நம்பர், வாரண்டி மூன்றும் வேண்டும், பில்லில் சீரியல் நம்பரோடு வேண்டும். "பில் இல்லாம எடுத்தீங்கன்னா 18 சதவீதம் மிச்சம்" என்பார்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டியை எதைக் காட்டிக் கேட்பது? 12100 என்றால் எச்610 மதர்போர்டு போதும். பிராசசர் பெயருக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் (12100எஃப் மாதிரி) அதில் கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் ஸ்கிரீனில் எதுவும் வராது, விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டிவிடப் பார்ப்பார்கள்.

கடைகளில் ஏமாற்று நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று எஸ்எம்பிஎஸ்: கேபினெட்டோடு 'ஃப்ரீ'யாக வருவதில் 450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் பாதி இழுத்தாலே மூச்சு முட்டும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்றோடு, தனி பெட்டியில், தனி வாரண்டியோடு வருகிறதை வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ் சாகும்போது சில நேரம் மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட்டிக்கொண்டுதான் போகும். இன்னொன்று, "ஐ7, 16 ஜிபி, 15,000 ரூபாய்தான்" என்று வருகிற விளம்பரங்கள். அந்த ஐ7 அனேகமாக 2011, 2012-இல் வந்த இரண்டாம் மூன்றாம் தலைமுறை பிராசசர், எங்கோ கழற்றியெடுத்து எச்61 போர்டில் மாட்டியது. இன்றைய சாதாரண ஐ3 அதைச் சுலபமாக முந்திவிடும். போதாததற்கு விண்டோஸ் 11 அதை ஏற்றுக்கொள்ளாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இதே காரணத்துக்காகத்தான், கம்பெனிகள் கழித்துவிட்ட செகண்ட்ஹேண்ட் பெட்டி வாங்க நினைக்கிறவர்கள் இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது. கையில் 20,000 மட்டும் இருப்பவர்களுக்கு அது நல்ல வழிதான், உங்களுக்குத் தேவையில்லை.

தம்பியின் யோசனைக்கு வருவோம். பூட்டுவது கஷ்டமே இல்லை, ஒரு ஸ்குரூடிரைவரும் பொறுமையும் போதும், பி.சி.ஏ. படிக்கிற பிள்ளை ஒரு மத்தியானத்தில் பூட்டிவிடுவாள். பூட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டதும் டிஸ்பிளே வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ராமா, போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா? கடைக்காரர் ஷெல்ஃபிலிருந்து வேறொரு ராமை எடுத்து மாட்டிப் பார்ப்பார், ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் மாற்றி மாட்டிப்பார்க்க எதுவும் இல்லை. ஆறு பார்ட் ஆறு விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால் ஆறு பேரும் மற்றவருடையதுதான் கோளாறு என்பார்கள், பார்சல் கட்டி அனுப்பிவிட்டு நீங்கள் ஜிஎஸ்டி கடைசித் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதுவும் இன்டெல் போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தில் மயிரிழை மாதிரி பின்கள் இருக்கும், ஒன்று வளைந்தால் வாரண்டியும் போச்சு. இன்னொரு சிஸ்டம் வீட்டில் இருக்கும்போது, சம்பாத்தியம் அதை நம்பி இல்லாதபோது, பூட்டிப் பழகட்டும். அசெம்பிள்தான் என்று முடிவானால் மகளையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் என்றால் ஆட்சேபிக்க மாட்டார்.

இனி நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் கடலோரத்தில், கரண்டும் இடியும் உப்புக் காற்றும் சிஸ்டத்துக்குப் பெரிய எதிரிகள். 45,000-இல் மூவாயிரத்தை யுபிஎஸ்ஸுக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள், மானிட்டருக்கு ஏழாயிரம், 22 இன்ச் ஃபுல் எச்டி ஐபிஎஸ் போதும், கீபோர்டு மவுஸ் பெட்டியோடு வராவிட்டால் ஆயிரம். மிச்சம் 34,000-தான் உங்கள் உண்மையான பட்ஜெட். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காற்றடித்தால் தென்னை மட்டை லைனில் விழும், கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். டேலியில் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போது அப்படிப் போனால் டேட்டாவே கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. 600 விஏ யுபிஎஸ் இந்த மாதிரி சிஸ்டத்தை ஒரு பத்து நிமிஷம் தாங்கும், சேவ் செய்து ஆஃப் செய்ய அது போதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்து, பின்பக்கம் இருக்கும் ஸ்விட்ச் யுபிஎஸ் மோடில் இருந்தால் பெரும்பாலும் தாங்கும். சாதாரண மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்துக்குள் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

யுபிஎஸ்ஸைவிட முக்கியம் எர்த். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் லேசாக 'சுர்'ரென்கிறதா? அது சிஸ்டத்தின் கோளாறு இல்லை, பிளக் பாயிண்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கசிய விடுகிற சிறு கரண்டுக்கு மண்ணுக்குப் போக வழி இல்லாததால் அது பாடியில் நிற்கிறது. மூன்று பின் சாக்கெட் இருந்தாலே எர்த் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், பல பழைய வீடுகளில் அந்த மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. சிஸ்டம் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். சித்திரை, வைகாசி, ஐப்பசி சாயங்கால இடிக்கு ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும், ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும். ஃபைபரில் மின்னல் வராது, ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியாக வந்து லேன் கேபிள் வழியே மதர்போர்டுக்குள் போகும்.

உப்புக் காற்றுக்கு முழு மருந்து கிடையாது. கடல் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள், தரையில் வைக்காதீர்கள். தினமும் கொஞ்ச நேரமாவது ஓடட்டும், சும்மா கிடக்கிற சிஸ்டத்தில்தான் ஈரம் தங்கும், எறும்பும் பல்லியும் குடியேறும். அசெம்பிள் செய்வதானால் தூசி வலை போட்ட கேபினெட்டாகப் பாருங்கள். மழைக்காலம் முடிந்து ஒருநாள் ஆன் செய்து டிஸ்பிளே வரவில்லை என்றால் பயந்துவிடாதீர்கள், வாரண்டி இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி அதன் தங்கநிற விளிம்பை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள் மகளிடம். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். டேலி டேட்டாவை மட்டும் வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து பீரோவில் வையுங்கள், பென் டிரைவை சிஸ்டத்திலேயே குத்தி விட்டுவிடாதீர்கள்.