பெருந்தொற்று முடிந்து பள்ளிகள் திறந்தபிறகும் ஆசிரியர்கள் இவ்வளவு சோர்ந்துபோவது ஏன்?

பள்ளிகள்தான் திறந்துவிட்டனவே, இன்னும் என்ன சோர்வு என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு ஆசிரியராக என் பதில்: மூடியிருந்தபோது பட்டதைவிடத் திறந்தபிறகு பட்டதுதான் அதிகம்.

2020-ல் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டு உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்ததாக யுனெஸ்கோ கணக்கு சொல்கிறது. அப்போதும் திணறத்தான் செய்தோம். கேமராவை அணைத்துவைத்த பிள்ளைகளின் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பாடம் நடத்தினோம். ஆனால் நெருக்கடி நேரம் என்பதால் எப்படியோ ஒப்பேற்றினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். பள்ளி திறந்ததும் அந்தச் சலுகை போயிற்று. பாடத்திட்டமும் தேர்வும் பழையபடியே வந்தன. பிள்ளைகள்தான் பழையபடி வரவில்லை.

ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டல். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டப் பகுதியில் 6 என்று எழுதினால், "ஆறு எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். வாய்ப்பாடு மனதில் பதியவேண்டிய வயதில் அவர்கள் வகுப்பறையிலேயே இல்லை. அதே வகுப்பில், வீட்டில் சொல்லித்தர ஆள் இருந்ததால் அடுத்த ஆண்டுக் கணக்கையே முடித்துவிட்டுக் கொட்டாவி விடும் பிள்ளையும் உண்டு. இருவருக்கும் ஒரே பாடவேளை, ஒரே ஆள். பத்து வரி சேர்ந்தாற்போல் எழுதினால் கை வலிக்கிறது என்று பேனாவை வைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவன் இடித்துவிட்டால் உடனே அடிதடி. கூட்டத்தோடு உட்காரும் பழக்கத்தையே மறுபடி சொல்லித்தர வேண்டியிருந்தது. அதற்கு எந்தக் கால அட்டவணையிலும் இடமில்லை.

உலக சுகாதார அமைப்பு 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இந்தச் சோர்வு இருக்கிறது. அதை ஒரு நோயாகச் சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத பணி அழுத்தத்தின் விளைவு என்கிறார்கள். மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலைமேல் மனம் விட்டுப்போவது, தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுவது. முதலாவது நாலு நாள் நன்றாகத் தூங்கினால் ஓரளவு சரியாகும். எங்களில் பலரை வீழ்த்தியது மூன்றாவது. நாள் முழுக்கத் தொண்டை வறளக் கத்திவிட்டு, மாலையில் திருத்தும் தாளில் காலையில் சொன்னதில் எதுவுமே இல்லை என்றால் வேறு எப்படித் தோன்றும்?

அப்புறம், தொற்றுக் காலத்தில் தற்காலிகமாக வந்த வேலைகள் எதுவும் திரும்பிப் போகவில்லை. வாட்ஸ்அப் குழு அப்படியே இருக்கிறது. இரவு பத்தரைக்கு "நாளைக்கு என்ன வீட்டுப்பாடம்?" என்று செய்தி வரும், பதில் போடாவிட்டால் மறுநாள் புகார் வரும். வருகைப்பதிவை ஏட்டிலும் எழுதி, செயலியிலும் ஏற்ற வேண்டும். சக ஆசிரியர் ஒருவர் விலகினால் அவருடைய பாடவேளைகளும் நம் தலையில்தான், தாள் திருத்த இருந்த ஒரே ஓய்வு வேளையும் அதில் போய்விடும். அவர் விலகியதே இதனால்தான் என்பது வேறு விஷயம்.

இதற்கு மருந்தாக எங்களுக்கு மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி வைத்தார்கள். விடுமுறை நாளில்! மூச்சுப்பயிற்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், விட்டுப்போன அடிப்படையை மட்டும் நடத்த ஒரு பருவம் கொடுங்கள், அந்தப் பருவத்தில் தேர்வு வேண்டாம், இரண்டு பதிவேடுகளில் ஒன்றை எடுத்துவிடுங்கள் என்பேன். பயிற்சியின் முடிவில் கொடுத்த கருத்துப் படிவத்திலும் இதைத்தான் எழுதினேன்.