மூணு பாயிண்ட எடுத்திருக்கலாமே! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். என் தம்பி அமெரிக்காவுல மிச்சிகன்ல படிக்கிறான், அவன் புண்ணியத்துல நானும் டெட்ராய்ட் லயன்ஸ் டீமுக்கு ரசிகனாயிட்டேன். 2024 ஜனவரியில சான் பிரான்சிஸ்கோகூட நடந்த அரையிறுதி மாதிரியான ஆட்டம் இன்னும் நெஞ்சுல நிக்குது. 24-7ன்னு முன்னால இருந்தோம், கோச் டேன் கேம்பல் ரெண்டு தடவை கிக் அடிக்காம ரிஸ்க் எடுத்தாரு, ரெண்டும் போச்சு, 34-31ல தோத்துட்டோம். எங்க மச்சான் எந்த விசேஷத்துல பாத்தாலும் "சும்மா கெடைக்கிற மூணு பாயிண்ட எடுக்கத் தெரியாதவன்லாம் கோச்சா"ன்னு ஆரம்பிச்சுடுறாரு. அவர் செஞ்சது சரியா தப்பா, நீங்களே சொல்லுங்க.
– ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: தம்பி, உங்க மச்சான் சொல்ற "சும்மா கெடைக்கிற"ங்கிற வார்த்தைதான் எனக்கு இடிக்குது. அதுக்கு வர்றேன், அதுக்கு முன்னாடி இந்த ஆட்டம் பாக்காதவங்களுக்காக ரெண்டு வரி. அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்து வச்சிருக்கிற டீம் 10 யார்ட் முன்னேற நாலு வாய்ப்பு. மூணுல முடியலன்னா நாலாவதுக்கு என்ன பண்றதுன்னு கோச் முடிவெடுக்கணும். பந்தைத் தூரமா உதைச்சு எதிராளிகிட்ட குடுத்துடலாம், கிட்ட இருந்தா ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சு 3 பாயிண்ட் எடுக்கலாம், இல்ல மிச்சமிருக்கிற ரெண்டு மூணு யார்டுக்குத் துணிஞ்சு ஆடலாம், ஆடிப் பத்தலன்னா பந்து அதே எடத்துல எதிராளிக்குப் போயிடும். கபடியில ரெண்டு ரைடு வெறுங்கையோட வந்துட்டு மூணாவதுல ஆளைத் தொடலன்னா அவுட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல, அந்தப் படபடப்பு.

அந்த ஆட்டம் நமக்கு திங்கக்கெழமை காலை ஏழரைக்கு, தைப்பூசம் முடிஞ்சு நாலாவது நாள். முதல் முடிவு மூணாவது குவார்ட்டர்ல, அப்ப 24-10. லயன்ஸ் எதிராளியோட 28 யார்ட் கோட்டுல நிக்கிறாங்க, 2 யார்ட் வேணும். 28ல நின்னா 28 யார்ட் கிக்குன்னு நெனைக்கக் கூடாது, கம்பம் கடைசிக் கோட்டுக்குப் பின்னால 10 யார்ட் தள்ளி நிக்குது, பந்தைப் புடிச்சு வைக்கிற ஆள் வேற ஏழெட்டு யார்ட் பின்னால உக்காருவாரு, ஆக மொத்தம் ஏறக்குறைய 46 யார்ட். அந்தத் தூரத்துல நாலு அடிச்சா மூணு உள்ள போகும், ஒண்ணு போகாது. கிக்கர் வேற அந்த சீசன்ல பாதிக்கு மேலதான் ஆட ஆரம்பிச்சவரு, சொந்த மைதானத்துல கூரைக்கு அடியில ஆடுற டீம் அன்னிக்குத் திறந்த வெளியில ஆடுது. இதுல சும்மா கெடைக்கிறது எங்க இருக்கு? இந்தப் பக்கம் 2 யார்டுக்குத் துணிஞ்சா பாதிக்கு மேல கெடைக்கும், கெடைச்சா தொடர்ந்து போயி டச்டவுன் போட்டு (பந்தோட கடைசிக் கோட்டைத் தாண்டுறது, கூடுதல் கிக்கையும் சேத்து 7 பாயிண்ட்) 31-10 ஆக்கி ஆட்டத்தையே முடிச்சிருக்கலாம். லயன்ஸ்ல பந்து எறியுற ஜேரட் காஃப் அதைக் கூட ஆடுற ஜாஷ் ரெனால்ட்ஸ் கையிலயே போட்டாரு, அது கையில பட்டு நழுவிருச்சு. அந்த முடிவு சரின்னு நான் இப்பவும் சொல்லுவேன், எங்க வேணாலும் சொல்லுவேன்.

அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. சான் பிரான்சிஸ்கோ தூக்கிப் போட்ட பந்து லயன்ஸ் ஆளோட ஹெல்மெட்ல பட்டு எகிறி நேரா பிராண்டன் ஐயூக் கையில போயி விழுந்துச்சு, 51 யார்ட்! அடுத்து லயன்ஸ் ஆளு பந்தைக் கைமாத்தி வாங்கும்போதே தவறவிட்டாரு. மூணாவது குவார்ட்டர் முடியறதுக்குள்ள 24-24. ஹெல்மெட்ல பட்ட பந்துக்கு கோச் என்னா பண்ண முடியும் சொல்லுங்க.

ரெண்டாவது முடிவுல நான் உங்க மச்சான் பக்கம். 27-24ன்னு பின்னால இருக்காங்க, ஏழரை நிமிஷம் பாக்கி, 30 யார்ட் கோட்டுல 3 யார்ட் வேணும். ஏறக்குறைய 48 யார்ட் கிக், போனா சமம். நானா இருந்தா அடிச்சிருப்பேன், ஏன்னா சமத்துல இருக்கிறப்ப எதிராளிக்கும் கை நடுங்கும், பின்னால இருந்தா நமக்கு மட்டும்தான் நடுங்கும். ஆனா கேம்பல் கண்ணை மூடிக்கிட்டு ஆடுற ஆள்னு சொல்லிடாதீங்க, அதே ஆட்டத்துல முதல் பாதி முடியுறப்ப டச்டவுனுக்கு மூணே யார்ட் இருந்தும் அவரு கிக் அடிச்சு 3 பாயிண்ட எடுத்துக்கிட்டுதான் உள்ள போனாரு. அந்த 24 அப்படி வந்ததுதான்.

என்னைக் கேட்டா அன்னிக்கு உண்மையான தப்பு வேற எடத்துல, அதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. கடைசி ரெண்டு நிமிஷத்துக்குள்ள லயன்ஸ் 34-24ன்னு பின்னால, கோட்டுக்கு ஒரு யார்ட், மூணாவது வாய்ப்பு. பந்தை எறிஞ்சிருந்தா புடிக்கலன்னாலும் கடிகாரம் தானா நின்னுருக்கும். ஆனா பந்தோட ஆளை ஓடவிட்டாங்க, எதிராளி மடக்கிட்டாங்க, கடிகாரத்தை நிறுத்த கையில இருந்த டைம் அவுட்ல ஒண்ண செலவு பண்ண வேண்டியதாப் போச்சு. அடுத்ததுல டச்டவுன் வந்துச்சு, ஆனா ஒரு நிமிஷத்துக்கும் கம்மி, எதிராளிகிட்ட பந்தைக் குடுத்துட்டு மூணு தடவை நிறுத்தி வாங்கலாம்னா டைம் அவுட் பத்தல. மச்சான்கிட்ட இதைக் கேளுங்க, அவருக்கு ஞாபகம் இருக்கான்னு பாப்போம்.

தோத்தா ஏன் எல்லாரும் தைரியமான முடிவு மேலயே பாயுறோம்னு எனக்குப் புரிஞ்சது 2015ல. பிப்ரவரி 2, திங்கக்கெழமை, மறுநாள் தைப்பூசம், அன்னிக்கு பினாங்குல செட்டிப்பூசம். விடியக்காலையிலேயே பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டுலேருந்து வெள்ளி ரதம் கெளம்பிருச்சு, நாங்க தண்ணீர்மலை போற வழியில தண்ணீர்ப் பந்தல் போட்டு மோர் கலக்கிக்கிட்டிருந்தோம். பந்தலுக்குப் பின்னாடி கூட்டாளி வீடு, ஹால்ல டிவியில அமெரிக்கன் ஃபுட்பால் இறுதி ஆட்டம் சூப்பர் பவுல் ஓடுது, சியாட்டலும் நியூ இங்கிலாந்தும், உருமி சத்தத்துல ஒண்ணும் கேக்கல, படம் மட்டும்தான். பதினோரு மணிவாக்குல சியாட்டல் கோட்டுலேருந்து ஒரே ஒரு யார்ட் தூரத்துல நிக்குது, 28-24ன்னு பின்னால, 26 செகண்ட் பாக்கி, முட்டித் தள்ளி ஓடுறதுல ராட்சசனான மார்ஷான் லிஞ்ச் நிக்கிறாரு. நான் சுவத்துல சாஞ்சு நிக்கிறேன், கையெல்லாம் சிதறு தேங்காய்த் தண்ணி பிசுபிசுன்னு இருக்கு. கோச் பீட் கேரோல் டீம் ஓடல, எறிஞ்சுது. நியூ இங்கிலாந்துல முதல் வருஷம் ஆடுற, புது ஆளுங்களை டீமுங்க தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்ல யாருமே எடுக்காத மால்கம் பட்லர் குறுக்க பாஞ்சு புடிச்சுட்டாரு. ஆட்டம் முடிஞ்சுது. நான் "மடையன்"னு கத்துனது உருமியைத் தாண்டி வெளிய கேட்டிருக்கு, பெரியம்மா எட்டிப் பாத்தாங்க.

அப்புறம் நிதானமா படிச்சுப் பாத்தா எனக்கே வெக்கமாப் போச்சு. சியாட்டல்கிட்ட ஒரே ஒரு டைம் அவுட், மூணு வாய்ப்பையும் முழுசா பயன்படுத்தணும்னா நடுவுல ஒரு தடவையாவது எறியணும், எறிஞ்சு விழுந்தா கடிகாரம் நிக்கும். நியூ இங்கிலாந்து ஓட்டத்தை மடக்கத்தான் கனமான ஆளுங்களா நிறுத்தியிருந்தாங்க. அந்த சீசன்ல அதுவரைக்கும் ஒரு யார்ட் தூரத்துலேருந்து எறிஞ்ச பந்துல ஒண்ணைக்கூட எதிராளி புடிச்சதில்ல, லிஞ்சோ அந்தத் தூரத்துலேருந்து அஞ்சு தடவை ஓடி ஒரு தடவைதான் உள்ள போயிருந்தாரு. பட்லர் ப்ராக்டிஸ்ல இதே மூவ்ல ஒரு தடவை ஏமாந்து பாடம் கத்துக்கிட்டவரு, அதனாலதான் முன்கூட்டியே பாஞ்சாரு. இதெல்லாம் தெரிஞ்சப்புறமும் கேரோல மடையன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

டேவிட் ரோமர்னு கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஒரு பொருளாதாரப் பேராசிரியர், 2006ல இந்த நாலாவது வாய்ப்பைப் பத்தியே ஆய்வுக்கட்டுரை போட்டாரு. ஜெயிக்கிறதுக்குத் தேவையானதை விட கோச்சுங்க ரொம்ப அதிகமா கிக் அடிக்கிறாங்கன்னு கணக்கு போட்டுக் காட்டுனாரு. எனக்குத் தெரிஞ்சு அதுக்குக் காரணம் நம்ம மச்சான் மாதிரி ஆளுங்கதான், கிக் அடிச்சு தோத்தா டீம் தோத்துச்சும்பாங்க, துணிஞ்சு தோத்தா கோச் தோத்தாரும்பாங்க. 1992 ஜனவரிக்கப்புறம் ஒரு பிளேஆஃப் (சீசன் கடைசியில வர்ற நாக்அவுட்) ஆட்டம்கூட ஜெயிக்காத டீமை, 2021ல வந்து முதல் வருஷம் மூணே ஆட்டம் ஜெயிச்ச ஒரு கோச், 2024ல அந்த எடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துனாருன்னா அது இப்படித் துணிஞ்சு ஆடி ஆடித்தான்.

கேள்வி: நம்ம ஊர்ப் பத்திரிகையில அமெரிக்கக்காரன் ஆட்டத்துக்கு இவ்வளவு எடமா? நம்ம பிள்ளைங்க துணிஞ்சு முடிவெடுத்தா அதைப் பத்தி எழுத மாட்டீங்களா?
– கிள்ளான் வாசகி

பதில்: எழுதுவோம் அக்கா, நீங்க கேட்டது நியாயம். 2022 ஜனவரியில லீ ஸி ஜியா தேசிய பேட்மிண்டன் சங்கத்தை விட்டு வெளிய வந்தப்ப அவரைத் திட்டாத மாமாக் கடை உண்டா, சங்கமே ரெண்டு வருஷத் தடை போட்டு, சில நாள்லயே அதை எடுத்துருச்சு. அதே வருஷம் ஆசிய சாம்பியன் ஆனாரு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம். அப்ப திட்டுனவங்கள்ல நானும் உண்டு, அவசரப்பட்டுட்டேன்.

கேள்வி: நான் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர், 12 வயசுக்குக் கீழ உள்ள பசங்களுக்குக் காற்பந்து கோச்சும் நான்தான். போன மாசம் வட்டாரப் போட்டி அரையிறுதி, 1-1, பெனால்டிக்குப் போச்சு. ஆட்டம் முழுக்க நல்லா புடிச்ச கீப்பரை எடுத்துட்டு உயரமான இன்னொரு பையனை நிறுத்துனேன், ஏன்னா ப்ராக்டிஸ்ல பெனால்டி அவன்தான் நெறைய புடிப்பான். அன்னிக்கு ஒண்ணுகூட புடிக்கல. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்ல இன்னும் பேச்சு ஓயல, "ஓவர் புத்திசாலித்தனம்"னு ஒருத்தர் போட்டாரு. நான் எடுத்த கீப்பர் பையன் ரெண்டு வாரமா சனிக்கிழமை ப்ராக்டிஸ்க்கு வரல. கோச் வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துடலாமான்னு இருக்கு.
– பெயர் வேண்டாம், பிறை

பதில்: சார், எழுதிக் குடுக்காதீங்க. உங்க கடுதாசியை நான் மூணு தடவை படிச்சேன்.

2014 உலகக் கிண்ணக் காலிறுதி, நெதர்லாந்து கோஸ்டா ரிக்கா. 120வது நிமிஷத்துல கோச் லூயி வான் ஹால், கீப்பர் சில்லசனை எடுத்துட்டு உயரமான டிம் குருலை இறக்குனாரு, குருல் ரெண்டு பெனால்டியைத் தடுத்தாரு, 4-3ல ஜெயிச்சாங்க. வான் ஹாலை மேதைன்னு சொல்லாத ஆள் இல்ல. 2021 யூரோ இறுதி ஆட்டம், நமக்கு திங்கக்கெழமை விடியக்காலை மூணு மணி, இங்கிலாந்து கோச் சவுத்கேட் அதே மாதிரி கடைசி நிமிஷத்துல பெனால்டி அடிக்கவே ரேஷ்ஃபோர்டையும் சான்சோவையும் இறக்குனாரு, ரெண்டு பேரும் தவறவிட்டாங்க, இத்தாலி கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போச்சு, சவுத்கேட்டுக்கு இன்னிக்கு வரைக்கும் ஏச்சு. ரெண்டு பேருமே பெனால்டிக்குன்னு ஆளைத் தேர்ந்தெடுத்து இறக்குனவங்கதான். உங்க கணக்கும் அதே கணக்குதான் சார், ப்ராக்டிஸ்ல யாரு புடிக்கிறான்னு பாத்து வச்சு நிறுத்துனீங்க, அது புத்திசாலித்தனம்தான், ஓவர் ஒண்ணும் இல்ல. குரூப்ல அந்த விவரத்தை அப்படியே போடுங்க, ப்ராக்டிஸ்ல எத்தனை அடிச்சு எத்தனை புடிச்சான்னு எண்ணிக்கையோட, முடிவு என்னோடது, புள்ளைங்க மேல பழி வேணாம்னு. அதுக்கு மேல அங்க பதில் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க.

ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த வான் ஹால் குருல்கிட்ட மட்டும்தான் முன்னாடியே சொல்லி வச்சிருந்தாரு, சில்லசன்கிட்ட சொல்லல, அவரோட மனசு கலையக் கூடாதுன்னு. சில்லசன் பெரிய ஆளு, சம்பளம் வாங்குற ஆட்டக்காரர், கோவப்பட்டாலும் தாங்கிக்குவாரு. உங்க பையனுக்கு 12 வயசுகூட ஆகல. அவன்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தீங்களா? கடுதாசியில அது இல்ல.

எனக்கு ஸ்கூல் ஹாக்கி டீம்ல இப்படி ஒண்ணு நடந்துச்சு. நல்லாதான் ஆடிக்கிட்டிருந்தேன், திடீர்னு கை காட்டிக் கூப்பிட்டு உக்கார வச்சுட்டாங்க, காரணம் யாரும் சொல்லல, நானும் கேக்கல. கால்ல கட்டியிருந்த ஷின் கார்டைக் கழட்டாமலே பஸ்ல வீடு வரைக்கும் வந்தேன், அம்மா "என்னடா இன்னும் கழட்டல"ன்னு கேட்டப்பதான் அழுதேன். கோச்சுக்கு நல்ல காரணம் இருந்திருக்கும், இப்ப புரியுது, அப்ப எனக்குப் புரிஞ்சது நான் லாயக்கில்லைங்கிறது மட்டும்தான்.

அதனால அவன் வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க சார். அவங்க அம்மா அப்பா பக்கத்துல இருக்கும்போதே சொல்லுங்க, ஆட்டத்தை 1-1ல நிறுத்தி பெனால்டி வரைக்கும் கொண்டு வந்தது நீதான், நீ சரியில்லன்னு எடுக்கல, முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும், அது என் தப்புன்னு. உயரமான பையனையும் விட்டுடாதீங்க, அத்தனை கோலையும் தலையில சுமந்துக்கிட்டுத் திரிவான், வெளிய காட்ட மாட்டான். அடுத்த தடவை இப்படி மாத்துறதா இருந்தா மேட்ச்சுக்கு மொத நாளே ரெண்டு பேரையும் உக்கார வச்சு, பெனால்டி வந்தா இவன் நிப்பான், உன்னைக் கூப்பிடுவேன்னு வாய்விட்டுச் சொல்லிடுங்க. அப்ப மாத்துறது தயக்கமில்லாம செய்யலாம், நான் வேணாம்னு சொல்லவே மாட்டேன்.

ப்ராக்டிஸ் சனிக்கிழமைன்னு எழுதியிருக்கீங்க, வெள்ளிக்குள்ள போயிட்டு வாங்க. பையன் வந்தானான்னு ஒரு வரி எழுதிப் போடுங்க சார், காத்துக்கிட்டு இருப்பேன்.