வரவேற்பறைக்குள் இருபது டன்: பியானோ கேள்வி–பதில்

இம்முறை பியானோ பற்றி வந்த கேள்விகள் மட்டும்.

கேள்வி: தாத்தா வாங்கிய பங்களாவில் பழைய அப்ரைட் பியானோ (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை) ஒன்று கிடக்கிறது. முன்பக்கம் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகள், மூடியின் உட்புறம் 'லண்டன்' என்று தங்க எழுத்து. எந்தக் காலத்தது? பழுது பார்க்கலாமா? (குன்னூர் வாசகி)

பதில்: தங்க எழுத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் பேர் தெரியாத பட்டறைகள் மலிவாகச் செய்துகொடுக்க, வாங்கி விற்ற கடைக்காரர் தன் பெயரைப் பொறித்துக்கொள்வது சர்வ சாதாரணம். மேல்மூடியைத் தூக்கி டார்ச் அடியுங்கள். இரும்புச் சட்டத்தில், கம்பிகளை முறுக்கியிருக்கும் ஆணிகளுக்குப் பக்கத்தில் வரிசை எண் இருக்கலாம். இல்லாவிட்டால் முன்பலகைகளைக் கழற்றிவிட்டு இடது கோடிக் கட்டையை (விரலால் அமுக்கும் கீ) மெதுவாக மேலே தூக்கி எடுங்கள். அதன் பக்கவாட்டில் முத்திரையோ பென்சில் எழுத்தோ பெரும்பாலும் இருக்கும். உள்ளே கண்காட்சிப் பதக்கப் படங்கள் அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. அவற்றில் கடைசி ஆண்டு 1885 என்றால் கருவி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

அடுத்து கம்பிகளைப் பாருங்கள். மந்திர ஸ்தாயிக் கம்பிகள் மற்றவற்றின் மேல் குறுக்காகப் போனால் நல்ல அறிகுறி. எல்லாக் கம்பியும் ஒரே சீராக இறங்கினால் பழைய அமைப்பு. கம்பியை அடிக்கும் சுத்திகளுக்கு முன்னால் மெல்லிய கம்பிகள் வரிசையாக நின்று பறவைக் கூண்டு மாதிரித் தெரிகிறதா? அப்படியென்றால் ஒலியை அடக்கும் டாம்பர்கள் சுத்திகளுக்கு மேலே, கம்பியின் நுனிக்கு அருகில் இருக்கின்றன. நுனியில் தொட்டால் அதிர்வு முழுதாக நிற்காது. கட்டையை விட்ட பிறகும் ஒலி இழுத்துக்கொண்டே இருக்கும். இதை எந்த டியூனராலும் சரிசெய்ய முடியாது, அமைப்பே அப்படி.

தலைவிதியைத் தீர்மானிப்பது சுருதி ஆணிகள் அடித்திருக்கும் பலகைதான். டியூனரை வரவழைத்து நடு ஸ்தாயியில் நாலைந்து சுரங்களை மட்டும் கூட்டச் சொல்லி ஒரு வாரம் விடுங்கள். மறுபடி இறங்கிவிட்டால் ஆணிகள் பிடிப்பை இழந்துவிட்டன. ஒன்றிரண்டுக்குச் சற்றுப் பருமனான ஆணி போடலாம். பலகையே விரிசல் விட்டிருந்தால் செலவு கருவியின் மதிப்பைத் தாண்டிவிடும். பலகை நன்றாக இருந்தாலும் பல ஆண்டு இறங்கிக் கிடந்த சுருதியை ஒரே மூச்சில் இன்றைய பொது அளவான 440 ஹெர்ட்சுக்கு ஏற்றக் கூடாது. துருப்பிடித்த கம்பி ஆணியில் வளையும் இடத்தில் பட்டென்று அறுந்துவிடும். இரண்டு மூன்று தவணையாக ஏற்ற வேண்டும்.

கூண்டு டாம்பர், நேர்க்கம்பி, தளர்ந்த ஆணி மூன்றும் சேர்ந்திருந்தால் பணத்தைக் கொட்டாதீர்கள்; மர வேலைப்பாட்டுக்காக வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக் கட்டையின் மேல் தகடு இரண்டு துண்டாகச் சேர்ந்து, இடையில் மெல்லிய கோடும், மேலே மரம் போன்ற ரேகையும் தெரிந்தால் அது யானைத் தந்தம். தந்த வணிகம் இங்கே சட்டப்படி தடை. அவற்றைப் பிரித்து விற்கும் யோசனையே வேண்டாம்.

கேள்வி: அந்தத் தந்தமெல்லாம் எங்கிருந்து வந்தது? (மதுரை வாசகர்)

பதில்: 19ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து. உள்நாட்டில் யானைகளைக் கொன்று எடுத்த தந்தங்களை மனிதர்கள் தோளில் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். கூலிக்குச் சுமந்தவர்களும் உண்டு, அடிமைகளாகப் பிடிபட்டுச் சுமந்தவர்களும் உண்டு. சான்சிபாரில் கப்பலேறிய தந்தத்தில் பெரும் பங்கு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்குப் போனது. அங்கே டீப் ரிவர் என்ற ஊரும், தந்தத்தின் பெயரையே வைத்துக்கொண்ட ஐவரிட்டன் என்ற ஊரும் இந்தத் தொழிலில்தான் வளர்ந்தன. தந்தத்தை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு அறுத்து, கண்ணாடிக் கூரை போட்ட நீண்ட கொட்டகைகளில் வாரக்கணக்காக வெயிலில் வெளுக்க வைத்தார்கள். மூடியை எப்போதும் சாத்தியே வைக்கும் பியானோவில் கட்டைகள் மஞ்சளாவதும் இதனால்தான்; தந்தத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

டீப் ரிவரில் இத்தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான ஜார்ஜ் ரீட் அடிமை ஒழிப்பில் உறுதியானவர். தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்குப் புகலிடம் கொடுத்தவர். அவருடைய ஆலைக்கு வந்த தந்தத்தை யார் சுமந்து வந்தார்கள் என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1950களில் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் முடிவு 1989இல்தான் வந்தது.

கேள்வி: பியானோவைக் கண்டுபிடித்தது யார்? ஜெர்மானியர்களா? (திருநெல்வேலி மாணவர்)

பதில்: இத்தாலியர். பதுவாவில் பிறந்த பார்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி, ஃபுளோரன்ஸில், அதை ஆண்ட மெடிச்சி குடும்பத்து இளவரசர் ஃபெர்தினாந்தோவிடம் கருவிப் பராமரிப்பாளராக இருந்தவர். 1700ஆம் ஆண்டு அரண்மனைச் சரக்குப் பட்டியலிலேயே அவருடைய புதிய கருவி இடம்பெற்றுவிட்டது. அவர் கைப்பட்டவற்றில் மூன்று எஞ்சியுள்ளன: 1720இல் செய்தது நியூயார்க்கில், 1722 ரோமில், 1726 லைப்சிக்கில்.

கம்பியைச் சுத்தியால் அடிக்கும் யோசனை பெரிதல்ல. அடித்த சுத்தி கம்பியிலேயே ஒட்டி நின்றால் தான் எழுப்பிய ஒலியைத் தானே அமுக்கிவிடும், சிக்கல் அங்கேதான். கட்டை அமுங்கியிருக்கும்போதே சுத்தி விடுபட்டுக் கீழே விழ வேண்டும், விழுந்தது துள்ளி மறுபடி அடிக்கவும் கூடாது. இரண்டுக்கும் அவர் வழி கண்டார். சுத்தித் தலை, காகிதச் சுருளைப் பசையிட்டு உருட்டி மேலே தோல் ஒட்டியது.

ஆனால் வாங்க ஆளில்லை. அவருடைய கருவி பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரை 1711இல் இத்தாலியில் வெளிவந்து, 1725இல் ஜெர்மன் மொழிக்குப் போய், அதன் பிறகு கருவித் தயாரிப்பாளர் சில்பர்மான் அங்கே செய்யத் தொடங்கினார். இசையமைப்பாளர் பாக் அவருடைய ஆரம்பக் கருவியில் மேல் ஸ்தாயி பலவீனம், கட்டை கனம் என்று குறை சொல்ல, சில்பர்மானுக்குக் கோபம், ஆனால் திருத்தினார். ஸ்பெயின் அரண்மனையிலோ ஃபுளோரன்ஸிலிருந்து வந்த பியானோக்கள் சிலவற்றைப் கம்பியை அடிக்காமல் மீட்டும் பழைய ஹார்ப்சிகார்டாகவே மாற்றிவிட்டார்கள்! நிலைமையைப் புரட்டியது, ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த சும்பே 1760களில் செய்த சின்னப் பியானோ. பெயர் சதுரப் பியானோ, வடிவம் நீள்சதுரம். மேசை அளவு, எளிய பொறி, நடுத்தர வர்க்கம் தொடக்கூடிய விலை. அரண்மனைப் பொருள் வீட்டுப் பொருளானது இந்த இடத்தில்தான்.

கேள்வி: பழைய ஐரோப்பியப் படங்களில் பியானோ முன்னால் எப்போதும் பெண்களே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் புகழ்பெற்றவர்கள் எல்லாம் ஆண்கள். ஏன்? (சென்னை வாசகி)

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். புல்லாங்குழல் ஊதினால் முகம் கோணும், செல்லோவுக்குக் காலை அகட்டி உட்கார வேண்டும், வயலினுக்குக் கழுத்தைச் சாய்க்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிப் பெண்களை அவற்றிடமிருந்து விலக்கினார்கள். பியானோவில் முதுகு நிமிர, முழங்கால் சேர, புன்னகையோடு உட்காரலாம். நம் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு கீர்த்தனை பாடச் சொன்ன வழக்கத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. கல்யாணம் வரை பயிற்சி, அதன்பின் மூடி சாத்தப்படும்.

மொசார்ட்டின் அக்கா மரியா அன்னா, தம்பியோடு சிறுமியாக ஐரோப்பா முழுக்க வாசித்தவர். வளர்ந்ததும் வீட்டோடு நிறுத்தப்பட்டார். ஃபான்னி மெண்டல்சோனுக்கு 1820இல் தந்தை எழுதிய கடிதத்தின் சாரம்: தம்பி ஃபெலிக்சுக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது அலங்காரம் மட்டுமே. பியானோ கலைஞர் கிளாரா ஷூமான் விதிவிலக்கு. எட்டுப் பிள்ளைகளைப் பெற்றும், கணவர் மனநோய்க் காப்பகத்தில் இறந்த பின்னும், அறுபது ஆண்டுக்குக் குறையாமல் மேடையில் இருந்தார்.

பேர் பெறாத பெண்கள் செய்த வேலையையும் குறைத்து எடைபோட வேண்டாம். கிராமபோனுக்கு முந்திய காலத்தில் பீத்தோவனின் சிம்பொனியை ஒரு சிற்றூர்க்காரர் எப்படிக் கேட்டிருப்பார்? அச்சான உடனே அதை ஒரே பியானோவில் இருவர் வாசிக்கும் நான்கு கைப் பதிப்பாகப் போட்டு விற்றார்கள். அக்காவும் தங்கையும் வாசிக்க, குடும்பம் கேட்டது. இசை கற்பித்தல், மரியாதைக் குறைவின்றிப் பெண்கள் சம்பாதிக்கக் கிடைத்த மிகச் சில வழிகளில் ஒன்று.

இதோடு ஒரு புரளியையும் முடித்துவிடலாம். விக்டோரியா காலத்தில் கூச்சத்தால் பியானோ கால்களுக்குத் துணி போட்டார்கள் என்கிறார்களே, அதற்கு வேர் 1839இல் கேப்டன் மாரியட் என்ற ஆங்கிலேயர் அமெரிக்கப் பயணம் பற்றி எழுதிய புத்தகம். ஒரு பெண்கள் பள்ளியில் பியானோவின் நான்கு கால்களுக்கும் குட்டிக் கால்சட்டை மாட்டியிருந்ததாக அமெரிக்கர்களைக் கிண்டலடித்திருந்தார். பின்னால் அந்தக் கிண்டலை அவர் நாட்டார் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

கேள்வி: பியானோ ஏன் இவ்வளவு கனம்? (கோவை வாசகர்)

பதில்: இரும்பு. ஏறக்குறைய 230 கம்பிகள். கீழ்ச் சுரங்களுக்கு ஒன்று, பிறகு இரண்டு, மேலே மூன்று. எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 18 முதல் 20 டன். மொசார்ட் காலத்துக் கருவியில் மரச்சட்டமே போதும்; ஐந்து ஸ்தாயி, மெல்லிய கம்பி. கச்சேரி அரங்கு பெரிதானபோது அதிக ஒலி தேவைப்பட்டது, கம்பி தடித்தது, இழுப்பு ஏறியது, மரம் வளைந்தது. பியானோ மேதை லிஸ்ட் மேடையிலேயே கம்பிகளை அறுத்துத் தள்ளியவர். ஒரே வார்ப்பில் செய்த இரும்புச் சட்டத்துக்கு 1825இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் ஆல்ஃபியஸ் பாப்காக். பாஸ்டனின் சிக்கரிங் 1843இல் அதைக் கம்பிகள் படுக்கையாக இருக்கும் கிராண்ட் பியானோவுக்குக் கொண்டுவந்தார். கிராண்டில் கம்பிகளைக் குறுக்காகப் போடும் முறைக்கு 1859இல் ஸ்டெயின்வே நிறுவனம் காப்புரிமை எடுத்தது. கொதிக்கும் கோடையும் உறையும் குளிரும் மாறி மாறி மரத்தை வதைக்கும் நாட்டில் இரும்பு முதலில் வந்ததில் வியப்பில்லை. இன்றைய முழு நீளக் கச்சேரிப் பியானோ சுமார் 480 கிலோ.

கேள்வி: தோடி வாசிக்க முடியுமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: முடியாது. அடித்த நொடியே சுத்தி கம்பியை விட்டுப் போய்விடுகிறது. அதன்பின் சுரத்தை அசைக்க வழியில்லை. தோடி காந்தாரம் அசையாமல் நின்றால் அது தோடியே இல்லை. கமகம் குறைவான மெட்டுகள், பின்னணியாக வரும் சுரக்கூட்டங்கள் நன்றாக நிற்கும்.

கேள்வி: மேலை நாட்டில் பியானோ விற்பனை குறைந்ததாமே? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நூறு ஆண்டுக்கு முன்பே. அமெரிக்காவில் 1909இல் ஓராண்டு உற்பத்தி 3,60,000ஐத் தாண்டி உச்சம் தொட்டது. காகிதச் சுருளில் துளையிட்டுக் காற்றால் இயங்கும் தானியங்கிப் பியானோக்களும் அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்டன. பிறகு கிராமபோனும் வானொலியும் அந்த விற்பனையைக் கொன்றன. இசை வேண்டுமென்றால் வீட்டில் யாராவது கற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. தொழில் கிழக்கே நகர்ந்தது. ஹார்மோனியத்தின் உறவான ரீட் ஆர்கனை 1887இல் பழுது பார்த்துத் தொழிலுக்குள் வந்த தொராகுசு யமஹாவின் நிறுவனம் 1900இல் முதல் அப்ரைட்டைச் செய்தது. சீனாவில் கலாச்சாரப் புரட்சியின்போது பியானோ பணக்கார வர்க்கச் சின்னம் என்று பழிக்கப்பட்டது. கலைஞர் யின் செங்சோங் 1967இல் தியானன்மென் சதுக்கத்துக்கே பியானோவைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். இன்று அதிகப் பியானோ செய்யும் நாடு அதே சீனா.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் அபார்ட்மெண்டில் புது அப்ரைட் வாங்கினோம். மழைக்காலத்தில் கட்டைகள் சிக்கிக்கொள்கின்றன. (பெசன்ட் நகர் வாசகர்)

பதில்: ஈரத்தில் கட்டையின் துளைகளில் இருக்கும் துணி உப்பி ஆணியைக் கவ்வுகிறது. கம்பியின் அதிர்வைப் பெரிதாக்கும் ஒலிப்பலகையும் உப்பி மேலெழும்புவதால் நடு ஸ்தாயி சுருதி ஏறும். ஏசி ஓடும் வறண்ட நாட்களில் இறங்கும். நம் ஊருக்குக் கப்பலேறிய பழைய பியானோக்களில் பசை இளகிவிடும் என்று தெரிந்துதான் பித்தளைத் திருகும் ஆணியும் கூடுதலாகப் போட்டு அனுப்பினார்கள்.

வெளிச்சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஜன்னல், நேர் வெயில், ஏசி காற்று மூன்றும் படக்கூடாது. ஒரு ஈரப்பத மானி வாங்கி உள்ளே வையுங்கள். 45 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம் திடீரென்று ஏறி இறங்காதது. இரவு இரண்டு மணி நேரம் ஏசி போட்டு அணைப்பது, போடாமலே இருப்பதைவிடக் கெடுதல். கீழ்ப் பலகைக்குள் பொருத்தும் குறைந்த வாட் மின் சூடாக்கிக் கோல் கிடைக்கும், மழைக்காலம் முழுக்க அணைக்காமல் விடுங்கள். சிக்கிய கட்டைக்குத் தேங்காய் எண்ணெயோ ஸ்பிரேயோ அடித்துவிடாதீர்கள். எண்ணெய் அந்தத் துணியில் ஊறி இன்னும் உப்பும். சுருதி ஆணிப் பலகைக்குள் இறங்கினால் ஆணி பிடிப்பே போய்விடும். டியூனர் சிறு இடுக்கியால் துணியை அமுக்கினால் ஐந்து நிமிட வேலை.

புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும் என்பதால் முதல் ஆண்டில் மூன்று நான்கு தடவை சுருதி கூட்ட வேண்டும், பிறகு ஆண்டுக்கு இரண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் கூட்டினால் காசு வீண். ஜனவரி வரை பொறுங்கள்.