சில்க்கி, கருங்கோழி, பெருவிடை... ஒரே கூண்டுல ஒத்துப்போகுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "வீட்டுக்குப் பின்னாடி 12 அடிக்கு 15 அடி இடம் சும்மா கிடக்கு. விக்கவோ கறிக்கோ இல்லண்ணா, ஆசைக்கு ஒரு ஆறு கோழி வளர்க்கணும். ஏழு வயசு பொண்ணு சில்க்கிதான் வேணும்னு அடம் பிடிக்கிறா, வீட்டுக்காரர் கருங்கோழி வாங்கலாம்ங்கிறார், மாமனாருக்கு பெருவிடை சேவல் ஒண்ணு வேணுமாம். எல்லாத்தையும் ஒண்ணா விட்டா சண்டை போடுமா?"

போடும் தங்கச்சி. சில்க்கிங்கிறது பஞ்சு இறகு உள்ள குட்டி அழகுக் கோழி, கருங்கோழிங்கிறது உடம்பெல்லாம் கருப்பா இருக்குற கடக்நாத், பெருவிடைங்கிறது நம்ம ஊரு பெரிய சண்டைக்கோழி. மூணையும் ஒண்ணா விடவே விடாதீங்க. எந்த கோழி நல்ல கோழின்னு பார்த்து வாங்குறதை விட, உங்க கூட்டத்துல ரொம்ப சாதுவான கோழி எதுவோ அதை முதல்ல முடிவு பண்ணிட்டு, அது கூட எது ஒத்துப்போகும்னு பார்த்து மத்ததை வாங்குங்க. உங்க வீட்ல அது சில்க்கி, ஏன்னா குழந்தை அதைத்தான் கேக்குது, அதை மாத்த முடியாது.

சில்க்கியோட இறகு பஞ்சு மாதிரி இருக்கும், மத்த கோழி இறகுல இருக்குற பின்னல் அதுல கிடையாது, அதனால ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, அதால பறக்க முடியாது, ரெண்டாவது மழைத்தண்ணி உடம்புல வழிஞ்சு ஓடாம அப்படியே ஊறிடும். இதுக்கு மேல தலையில பெரிய பஞ்சுக் கொண்டை வேற, அது வளர்ந்து கண்ணை மறைச்சுரும், பக்கத்துல இன்னொரு கோழி வர்றதே தெரியாம திடுக்குனு பயப்படும், கொத்து வாங்குனாலும் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாம அங்கயே நிக்கும். கோழிங்களுக்குள்ள யார் பெரியவ யார் சின்னவன்னு ஒரு வரிசை உண்டு, புதுசா சேர்ந்ததும் கொத்தி கொத்தி அதை முடிவு பண்ணும், சாதாரண கோழின்னா ரெண்டு கொத்து வாங்கிட்டு ஓடிரும், சண்டை அங்கயே தீர்ந்துரும். சில்க்கிக்கு சட்டுன்னு ஓடித் தப்பிக்கவும் தெரியாது பறக்கவும் முடியாது. ஒரு தடவை ரத்தம் வந்துச்சுன்னா சிவப்பைப் பார்த்து மத்ததெல்லாம் அதே இடத்துல கொத்த ஆரம்பிச்சுரும்.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். பாகூர்ல எங்க வீட்ல முதல் முதலா வாங்கின ரெண்டு சில்க்கியை, "பெட்டைதானே, என்ன பண்ணிடப் போகுது"ன்னு நினைச்சு ஒரு பெருவிடை பெட்டையோட விட்டேன். மறுநாள் காலையில ஒண்ணோட மண்டைத்தோல் கிழிஞ்சு மூலையில ஒண்டிக்கிட்டு இருந்துச்சு. பிழைச்சுக்கிச்சு, ஆனா அதுக்கப்புறம் மனுஷங்க கை பட்டாலே நடுங்கும். அந்த தப்பை நீங்க பண்ண வேணாம்.

பெருவிடை சண்டைக்குன்னே தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து வந்த ரத்தம், சேவல் மட்டும் இல்ல பெட்டையும் விட்டுக்குடுக்காது. நல்ல சேவல் 4 கிலோவுக்கு மேல போகும், சில்க்கி பெட்டை ஒரு கிலோ பக்கம்தான் இருக்கும். சில்க்கி மேல பெருவிடை ஏறினாலே முதுகுத் தோல் உரிஞ்சுரும், சண்டையே வேணாம். மாமனார் ஆசைப்பட்டா அவருக்குன்னு தனி இடம், தனி பஞ்சாரம், மத்த கோழி கண்ணுலயே படாத மாதிரி மறைப்பு கட்டி வளர்க்கட்டும். உங்க 12க்கு 15ல அது கஷ்டம், பொறுமையா எடுத்து சொல்லுங்க. முட்டை வைக்க சேவலே தேவை இல்லைங்கிறதையும் சொல்லுங்க, நிறைய பேருக்கு இது தெரியறது இல்ல. குஞ்சு பொரிக்கணும்னாதான் சேவல் வேணும்.

அப்ப சில்க்கிக்கு துணை யாருன்னா, என்னோட ஓட்டு நம்ம சிறுவிடைக்குத்தான், அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழி. பெட்டை ஒண்ணே கால் ஒண்ணரை கிலோ வரும், நம்ம வெயிலுக்கும் உப்புக்காத்துக்கும் பழகுனது, நொய், கம்பு, கீரை, புழு பூச்சின்னு எதையும் சாப்பிடும், அடைக்கு நல்லா உட்காரும். பண்ணைக் கோழி அளவுக்கு முட்டை வராதுதான், ஆனா உங்களுக்கு வீட்டுக்கு முட்டையும் குழந்தைக்கு ஒரு பழக்கமும்தானே வேணும். சில்க்கியும் அடை படுக்குறதுல கெட்டி, யார் முட்டையா இருந்தாலும் உட்காரும்.

கருங்கோழி நல்ல கோழி, மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்து இனம், 2018ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. சிறுவிடையோட நல்லா ஒத்துப்போகும். ஆனா எப்பவும் பரபரன்னு இருக்கும், நல்லா பறக்கும், கையில பிடிச்சு கொஞ்ச விடாது, சில்க்கி பக்கத்துல அந்த பரபரப்பு வேணாம்னு எனக்கு தோணுது. வீட்டுக்காரர் விடாப்பிடியா நின்னா சில்க்கிக்கு பதிலா கருங்கோழி ரெண்டுன்னு வச்சுக்கலாம், சில்க்கி கூட சேர்த்து வேணாம். வாங்கும்போது வாயைத் திறந்து நாக்கு, அலகு, கால், தோல் எல்லாம் கருப்பா இருக்கான்னு பாருங்க, கலப்புக் குஞ்சை கருங்கோழின்னு விக்கிறவங்க இருக்காங்க.

வான்கோழியை மட்டும் யார் சும்மா குடுத்தாலும் கோழியோட சேர்க்காதீங்க, கோழிக்கு ஒண்ணும் பண்ணாத ஒரு குடல்புழு வழியா வான்கோழிக்கு ஈரலை அரிக்கிற நோய் வரும். கின்னிக்கோழி சத்தமும் ஜாஸ்தி அடாவடியும் ஜாஸ்தி. தெருவுல விக்கிற கலர் அடிச்ச குஞ்சு பெரும்பாலும் முட்டைப் பண்ணையில கழிச்ச சேவல் குஞ்சுங்க, பாதி செத்துரும், தப்பிச்சதெல்லாம் சேவலாயிரும், குழந்தை கேட்டாலும் வேணாம்.

அதனால என் கணக்கு, சில்க்கி மூணு, சிறுவிடை மூணு, எல்லாமே ஒரே வயசு குஞ்சா ஒரே நாள்ல வாங்கி ஒண்ணா வளர்த்துருங்க. சேர்ந்து வளர்ந்த கோழிங்க சண்டை சீக்கிரம் தீரும். சில்க்கியில சேவல் எது பெட்டை எதுன்னு நாலஞ்சு மாசம் ஆனாதான் ஓரளவு தெரியும், அதனாலதான் ரெண்டு இல்லாம மூணு சொல்றேன், சேவல் அதிகமானா திருப்பி எடுத்துக்கணும்னு விக்கிறவர்கிட்ட முதல்லயே பேசிடுங்க. ஒரு சில்க்கி சேவல் நின்னுச்சுன்னா இருக்கட்டும், சாதுவா இருக்கும், மாமனாருக்கும் ஒரு சேவல் ஆச்சு. விடியக்காலையில கூவும்தான், பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை சொல்லி வச்சுக்கோங்க. குஞ்சுக்கு மேரெக்ஸ் (கால், இறக்கை விழுந்து போற வைரஸ் நோய்) தடுப்பூசி போட்டாச்சான்னு கேளுங்க, சில்க்கிக்கு அந்த நோய் சுலபமா வரும்.

பின்னாடி புதுக்கோழி சேர்க்க நேர்ந்தா தனியா ஒண்ணை விடாதீங்க, ரெண்டா விடுங்க. அதுக்கு முன்ன மூணு வாரமாவது வேற மூலையில வச்சு சளி, கழிச்சல் இருக்கான்னு பார்க்கணும், சந்தையில வாங்கினதுன்னா கண்டிப்பா. அப்புறம் ஒரு வாரம் கம்பி வலைக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கமா பார்த்துக்கிட்டு இருக்கட்டும். தீவனத் தட்டும் தண்ணியும் ரெண்டு ரெண்டு இடத்துல வைங்க, ஒரே தட்டு இருந்தா பெரியவ நின்னு மறிச்சுருவா. சில்க்கிக்கு கண் மேல விழுற இறகை மாசம் ஒரு தடவை கத்திரிச்சு விடுங்க.

கூண்டு ஒரு கோழிக்கு 4 சதுர அடி, ஆறுக்கு 4க்கு 6 அடி போதும், மீதி இடத்துல மேயட்டும். சிறுவிடை உசரமா கம்புல ஏறி தூங்கும், சில்க்கி தரையில படுக்கும், மேல இருக்கிறது எச்சம் போட்டா கீழ இருக்கிறது தலையில விழும். அதனால சில்க்கிக்குன்னு ஒரு ஓரத்துல தாழ்வா மறைப்புப் பெட்டி வைங்க.

நம்ம பக்கம் வெயிலை விட மழையைத்தான் பார்த்துக்கணும். 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரையைக் கடந்துச்சு, அடுத்த ரெண்டு மூணு நாள்ல தென்பெண்ணையில வெள்ளம் வந்து கடலூர், பாகூர்ப் பக்கம் எத்தனை வீட்ல கோழி போச்சுன்னு நமக்குத் தெரியும். தரையை ரெண்டு அடியாவது தூக்கிக் கட்டுங்க, மழை வெறிக்கிற வரைக்கும் சில்க்கியை வெளிய விடாதீங்க. கீழ உமியோ காஞ்ச வேர்க்கடலைத் தோலோ போட்டு, ஈரமானா உடனே மாத்திருங்க, ஈரத்துலதான் ரத்தக்கழிச்சல் வருது.

வெள்ளைக்கழிச்சலுக்கு 7வது நாள் கண்ணுல சொட்டு மருந்து, 8வது வாரம் ஊசி, இது எந்த இனமா இருந்தாலும் தப்பக்கூடாது. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துல கேளுங்க. புதுச்சேரிக்காரங்களுக்கு குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. முட்டை வைக்க ஆரம்பிக்கும்போது நம்ம கடற்கரை கிளிஞ்சலை நல்லா கழுவி உப்பு போகக் காயவச்சு இடிச்சு தனிக் கிண்ணத்துல வைங்க, தேவைப்பட்டது தானா கொத்திக்கும்.

குஞ்சை இப்ப மழைக்கு முன்னாடி அவசரப்பட்டு வாங்க வேணாம். கூண்டைக் கட்டி ஒரு மழைக்காலம் எங்க தண்ணி நிக்குது, எங்க சாரல் அடிக்குதுன்னு பார்த்துட்டு தை கடைசியில வாங்குங்க. கத்திரிக்குள்ள ஓரளவு வளர்ந்துரும், ஆவணியில சிறுவிடை முதல் முட்டை வைக்கும், சில்க்கி அதுக்கு அப்புறம்.